ஏழாவது தாள்

போட்ட பிறகுதான் உறைத்தது, போட்டிருக்கக் கூடாது என்று.

தலைமை ஆபீசிலிருந்து வந்த தாளில் ஒரு மனித உருவம், முன்பக்கமும் பின்பக்கமும். எங்கே வலிக்கிறதோ அங்கே ஒரு பெருக்கல் குறி. பெயர் எழுத வேண்டாம், பயப்பட வேண்டாம் என்று காலையில் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவர் சிரித்ததிலேயே பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

க்ரீம் டப்பாக்களுக்கு மூடி திருகும் வேலை. ஒரே நீள மேஜை, பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு பெண்கள். மேஜை நெஞ்சு உயரம். எந்த மகானுபாவன் அளவெடுத்தானோ, அவன் ஆயுசில் ஒரு மூடியைக்கூடத் திருகியிருக்க மாட்டான். தோளைத் தூக்கிக்கொண்டு, மணிக்கட்டை முறுக்கி, நாளைக்கு மூவாயிரம் மூடி.

ஏழாவது நாற்காலிக்காரிக்கு மூன்று மாதமாக வலது மணிக்கட்டு அவளுடையதாகவே இல்லை. துணி பிழிய முடியவில்லை. தலை வார மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. படத்தில் மணிக்கட்டைப் பார்த்ததும் கை தானாகப் போய்க் குறி போட்டுவிட்டது.

சூப்பர்வைசர் வந்து தாளை வாங்கினாள். அவளுக்கு இங்கே பருந்து என்று பெயர். மேலே எங்கோ சுற்றிக்கொண்டிருப்பாள். யாராவது ஒரு நிமிஷம் கையை உதறினால் பக்கத்தில் நிற்பாள். தாளைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். தாளை அடுக்கின்மேல் வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அவள் தள்ளிப் போகிறவரை எட்டாவது நாற்காலி அக்கா காத்திருந்தாள்.

"குறி போட்டியாடி?"

"பேர் வேண்டாம்னாங்களேக்கா."

"பேர் எதுக்கு? ஒண்ணாம் நாற்காலியிலேர்ந்து வரிசையா அடுக்கிட்டுப் போறா பாரு. ஏழாவது தாள் யாருதுன்னு கண்டுபிடிக்க மேனேஜர் வெளிநாட்டுல படிக்கணுமா? நாங்கல்லாம் வெறுந்தாளைக் கொடுத்திருக்கோம்."

போன வருஷம் லேபிள் ஒட்டுகிற பிரிவில் ஒருத்தி முதுகு வலி என்று போய்ச் சொன்னாள். கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோம்மா என்றார்கள், ரொம்ப அக்கறையாக. அந்த ஓய்வு இன்னும் முடிந்தபாடில்லை.

இவள் வீட்டில் புருஷன் கால் உடைந்து ஆறு மாதமாகப் படுக்கையில். மகளுக்குப் பரீட்சை வருஷம். மூன்று பேருக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிற கை இது ஒன்றுதான்.

எழுந்து பருந்தின் பின்னாலேயே ஓடினாள். கவனிக்காமல் போட்டுவிட்டேன், வலியெல்லாம் கிடையாது, வேறு தாள் கொடுங்கள் என்று கெஞ்சினாள்.

"பேனாவால போட்டதுதானே? போட்டது போட்டதுதான். போய் உட்காரு."

பருந்து தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் முடிகிறவரை வெளியே வரவில்லை. குனிந்து என்னவோ எழுதிக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

"மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதறா," என்றாள் அக்கா. பிறகு மனசு கேட்காமல், "உன்னைப் பத்தி இருக்காது," என்று சேர்த்துக்கொண்டாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

திறந்த சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்தாள். மதியத்துக்கு மேல் மூடிகள் விரலில் நிற்காமல் வழுக்கின. ஒன்று உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கக்கூடப் பயம். மெதுவாகக் குனிந்தால் இடுப்பும் போச்சு என்று எழுதிக்கொண்டுவிட்டால்?

மூன்று மணிக்கு மேனேஜர் வந்தார். கையில் அந்தத் தாள்கட்டு. முகத்தில் காலைச் சிரிப்பு இல்லை. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பருந்து.

மேஜையோரமாக ஒவ்வொரு நாற்காலியாக எண்ணிக்கொண்டு வருகிற மாதிரி நடந்தார். ஐந்து. ஆறு. ஏழாவது நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

வலி இல்லை சார், பேனா எழுதுதான்னு பார்த்தேன் சார். மனசுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"உனக்கு மணிக்கட்டு வலியா?"

வாய் திறந்தது.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எட்டாவது அக்கா பக்கம் திரும்பினார். "உனக்கு?"

யோசிப்பதற்குள் அக்காவின் தலை ஆடிவிட்டது. அவளுக்கு வலி இரண்டு வருஷமாக.

"உனக்கும்தான், இல்லையா?" என்று ஒன்பதாவதைக் கேட்டுவிட்டு, தாள்கட்டை மேஜைமேல் போட்டார். "பன்னிரண்டு தாள். பன்னிரண்டுலயும் வலது மணிக்கட்டு. இதைத் தலைமை ஆபீசுக்கு நான் எப்படி அனுப்பறது? எல்லாரும் பேசி வச்சுக்கிட்டுப் போட்டீங்களா?"

பருந்துதான் பதில் சொன்னாள்.

"நான் நிக்கும்போது இவங்க பேசிடுவாங்களா சார்? பன்னிரண்டு பேரும் அதே மேஜையில அதே மூடியைத்தானே திருகறாங்க. வலி மட்டும் வேற வேற இடத்துலயா வரும்?"

மேனேஜர் மனசுக்குள் போட்டுப் பார்த்த கணக்கு முகத்தில் ஓடியது. ஒருத்தியை ஓய்வெடுக்கச் சொல்லலாம். பன்னிரண்டு பேரையுமா? மேஜையை இறக்க நாளைக்கு ஆள் வரும் என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஏழாவது நாற்காலிக்காரி மூச்சு விட்டாள்.

அக்கா அவள் பக்கம் சாய்ந்தாள். "நான் வெறுந்தாளைத்தானேடி கொடுத்தேன்?"

"நானும்தான்," என்றாள் ஆறாவது நாற்காலிக்காரி.

"நானும்," என்றது இன்னும் ஒரு குரல்.

"என்ன அங்கே பேச்சு?" என்றாள் பருந்து, தன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டபடி. "உங்க வாய்க்கும் சேர்த்து ஒரு குறி போட்டிருக்கணும் நான்."