நாலு பந்து ராகு காலம்

பொள்ளாச்சிக் காளைகள் இந்த சீசனில் ஆடிய எழுபத்தொரு பேஸ்பால் ஆட்டங்களிலும் தோற்றிருந்தார்கள். பயிற்சியாளர்கள் ஒழிந்துபோன காலம் இது. ஒவ்வொரு மட்டையாளருக்கும் அவரவர் ரசிகர் வீடு ஒன்றுதான் ஃபோனில் கட்டளையிடும். பந்து வீசுகிறவருக்கும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை, சேலத்தோடு கடைசி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். ஸ்கோர் சமம். ரன் எடுக்க ஓடி நிற்கும் மூன்று பேஸ்களிலும் காளைகள் நின்றபோது தெய்வானை வீட்டு ஃபோன் அடித்தது; அடுத்த மட்டையாளருக்குக் கட்டளையிடுவது அவள் வீடுதான்.

"அடிக்கச் சொல்லு புள்ள!" கணவர் குப்புராஜ் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார்.

தெய்வானை கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி அஞ்சே முக்காலுங்க. ஆறு வரைக்கும் ராகு காலம். இப்பப் போயி நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா?" என்றவள் ஃபோனில், "தம்பி, மட்டைய அசைக்காம நில்லு கண்ணு" என்றாள்.

முதல் பந்து எங்கோ விலகிப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குக் குப்புராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான்காவதும் விலகியது.

நான்கு பந்து விலகினால் மட்டையாளருக்கு முதல் பேஸ் சும்மாவே கிடைக்கும். எல்லோரும் ஒரு பேஸ் நகர, மூன்றாவதில் நின்றவன் ஆடிக்கொண்டே வந்து வெற்றி ரன்னை எடுத்தான்!

ஊரே வெடி வெடித்தது. குப்புராஜ் மனைவியைத் தூக்கிச் சுற்றினார்.

மறுபடி ஃபோன். சேலத்துச் சம்பந்தியம்மா. பந்து வீசியவனுக்குக் கட்டளையிட்டது அவர்கள் வீடாம்.

"ஏனுங்க சம்பந்தி, நாலையும் வெளியவே போட வெச்சீங்க?" என்றாள் தெய்வானை.

"ராகு காலத்துல யாராச்சும் நேராப் போடுவாங்களா? ஆறு மணி ஆகட்டும்னு இருந்தேனுங்க."