சீட் கவர்

விபத்து நடந்த அன்று சிவசாமியும் அவர் தம்பியும் காரின் முன்பக்கத்திலிருந்து நடந்தே வெளியே வந்தார்கள். பெல்ட்டும் ஏர்பேக்கும் அவர்களைத் தாங்கிக்கொண்டன. பின்னால் உட்கார்ந்திருந்த சிவசாமியின் மனைவி மட்டும் முன்கண்ணாடியில் போய் மோதிச் செத்தாள். பின்சீட்டு பெல்ட்டை மாட்டுகிற லாக், சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது. காவல் நிலையத்தில் நின்ற காருக்குள் அதைத் தேடிக் கண்டுபிடித்தவள் செத்தவளின் தங்கை பூங்கோதை. "அவ விதி" என்று சொல்லி முடித்துவிட்டார் சிவசாமி.

ஒன்பது மாதம் கழித்து, அதுவரை பூங்கோதையிடம் வளர்ந்த தன் மகள் இனியாவைக் கூட்டிப்போகப் புதுக் காரில் வந்தார் சிவசாமி. குழந்தை பின்சீட்டில் ஏறியதும் பூங்கோதை சீட்டைத் தடவிப் பார்த்தாள். கவருக்கு அடியில் லாக் விரலில் நெருடியது.

"ஏனுங்க மாமா, இதுலயும் மூடி வெச்சிருக்கறீங்களா?"

"ஆறு ஏர்பேக் இருக்குது புள்ள. பின்னாடி பெல்ட் எதுக்கு?"

அவள் உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியோடு வந்தாள். குழந்தையை இறக்கி நிறுத்திவிட்டுக் கவரைக் குறுக்கே கிழித்தாள். லாக்கை வெளியே இழுத்து, இனியாவை மறுபடி உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினாள். பிறகு மறுபக்கக் கதவைத் திறந்து அங்கேயும் கத்தியை வைத்தாள்.

"அதான் மாட்டியாச்சே! அதையும் எதுக்குக் கிழிக்கிற?" என்று கத்தினார் சிவசாமி.

"நாளைக்கு இன்னொருத்தியக் கட்டிக் கூட்டீட்டு வருவீங்கல்ல," என்றாள் பூங்கோதை. "அவளுக்கு."