மேட்டடியில் இறங்கி வந்த கை

ஒரு பழைய கியர் சைக்கிளின் சாய்வுக் குழாயில் ஒரு இரும்புக் குமிழ் இருந்தது. நாற்பது வருஷமாகக் கியர் லீவரைத் தாங்கிய குமிழ். மேடு வந்தால் செல்வநாயகத்தின் கை ஹேண்டில்பாரை விட்டு அதனிடம்தான் இறங்கி வரும். ஒரு தட்டுத் தட்டும், பெடல் லேசாகிவிடும். அதில் குமிழுக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி.

முழங்கால் போன பிறகு செல்வநாயகம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தார். சும்மா கிடந்த லீவரைக் கழற்றிவிட்டு, குமிழில் ஒரு கிளிப்பைத் திருகி, அதில் கைத்தடியைச் செருகினார்.

“என் இடத்துல உனக்கென்ன வேலை?” என்று சீறியது குமிழ்.

“அவர் செருகினாரு, இருக்கேன்” என்றது தடி.

மேட்டடியில் சைக்கிள் நின்றது. பழையபடி கை இறங்கி வந்தது. குமிழ் பூரித்துப்போயிற்று. கையோ தடியைப் பிடித்து இழுத்தது. குமிழ் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் பிடித்தது.

“இதுக்குக்கூட தெம்பில்லாமப் போச்சே” என்று முனகினார் செல்வநாயகம். சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் தடியைப் பிடுங்கிக்கொண்டு தனியாக மேடேறினார்.

தடி திரும்பி வந்ததும் குமிழ் ஆசையாகக் கேட்டது: “உச்சியில காத்து இன்னும் முகத்துல வந்து அடிக்குதா?”

“தெரியாது. பாதி மேட்டுல இருக்கிற மைல்கல் வரைக்கும்தான் போனோம். அங்கேயே உட்கார்ந்து, கீழே சைக்கிளைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு.”

மறுநாள் அதே மேட்டடியில் அந்தக் கை இறங்கி வந்தது. தொட்டதுமே குமிழ் தடியை விட்டுக்கொடுத்தது.