கம்ப்யூட்டர் ஒத்துக்கல

"கம்ப்யூட்டர் வேணாம்னு சொல்லிச்சாம்! யாருகிட்ட கதை உடுற தேவா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை அண்ணி வசந்தகுமாரி. வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க அண்ணி. அண்ணன் காதுல விழப் போவுது."

"விழட்டும். கூடப் பொறந்தவன் லட்சணம் அவருக்கும் தெரியட்டும்!"

அண்ணன் கஜபதி உள்ளறையில் படுத்திருந்தார். ஆவடி ஃபேக்டரியில் வேலை. குடி, சிகரெட் எதுவும் தெரியாத மனுஷன். உள்ளுக்குள்ளேயே இருந்த ஏதோ வைரஸ் கல்லீரலைத் தின்று முடித்திருந்தது. யாராவது தங்கள் கல்லீரலில் ஒரு பாதியைக் கொடுத்தால் பிழைப்பார் என்று டாக்டர்கள் சொன்னதும், பூந்தமல்லியில் இருக்கும் தன் மெக்கானிக் கடையைச் சாத்திவிட்டு ஓடியவன் தேவா.

"சத்தியமா அண்ணி. ஸ்கேன் எடுத்தாங்க. அந்த ஏ.ஐ. கம்ப்யூட்டர் அளந்து பாத்துச்சு. அண்ணனுக்கு வேணுங்கற அளவு வெட்டினா, எனக்கு மிச்சம் நிக்கறது பத்தாதாம். டாக்டருங்களும் தனியா அளந்து பாத்துட்டாங்க. என் லிவர் சின்னது அண்ணி. நான் இன்னா பண்றது?"

ஒல்லியாகப் பிறந்ததற்காக அவன் இதுவரை வெட்கப்பட்டதே இல்லை. இன்றைக்குப் பட்டான்.

"சால்ஜாப்பு சொல்லாத! எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா? டாக்டரம்மா ரூம் கதவைச் சாத்திக்கினு, 'மனசாரத்தான் தர்றீங்களா?'ன்னு கேப்பாங்க. பயமா கீதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வெளிய வந்து, 'கம்ப்யூட்டர் ஒத்துக்கல'ன்னு அவங்களே சொல்லிருவாங்க. சொந்தபந்தம் யாரும் உன்னைக் கேள்வி கேக்காம காப்பாத்தி உட்ருவாங்க. எப்பவும் மூச்சு உட மாட்டாங்க. அதானே நடந்துச்சு?"

தேவா விழித்தான்.

டாக்டரம்மா அவனையும் கேட்டார்கள்தான். கேள்வியை முடிப்பதற்குள், 'எப்ப மேடம் ஆபரேஷன்?' என்று இவன் கேட்டுவிட்டான். அவர்கள் சிரித்துக்கொண்டே ஸ்கேனுக்கு அனுப்பிவைத்தார்கள்.

"அண்ணி..." அவன் தயங்கித் தயங்கித்தான் கேட்டான். "பயந்தவங்களுக்கு இன்னா பண்ணுவாங்கன்னு எனக்கு யாரும் சொல்லலியே. உங்களுக்கு எப்டித் தெரியும்?"

வசந்தகுமாரி பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தாள்.

போன மாதம் முதலில் டெஸ்ட்டுக்குப் போனவள் அவள்தான். 'கல்லீரலில் கொழுப்பு இருக்கு, ஏ.ஐ. ஒத்துக்கல' என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னபோது, அண்ணியைத் தேற்றுவதற்காக அந்தக் கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி திட்டியவன் தேவா.

அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு எல்லாம் சரியாத்தான் கீதுன்னு கம்ப்யூட்டர் சொல்லிச்சு தேவா. கடைசியா ஒருவாட்டி அந்த ரூம்ல கூப்ட்டுக் கேட்டதும் ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா ஆபரேஷனுக்குப் படுத்து, ரெண்டு பேருக்கும் எதனா ஆயிட்டா, ஷர்மிளாவுக்கு யாரு கீறாங்க? ஆறாவது படிக்கிற பொண்ணு. 'முடியல மேடம்'னு அழுதுட்டேன். எப்டியும் நீ குடுத்துருவேன்னு நெனச்சேன்."

தேவாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை நேரம் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள் இவள்தானா!

"இப்பக்கூடப் போறேன் தேவா. நாளைக்குக் காலைலயே போயி தரேன்னு சொல்லிர்றேன்."

கோபம் வந்த வேகத்தில் வடிந்துபோனது. இதை எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருந்தான்.

"வேணாம் அண்ணி. அண்ணனுக்கு ரொம்ப முத்திப்போச்சாம். இனிமே யார் குடுத்தாலும் அண்ணன் உடம்பு ஆபரேஷனைத் தாங்காதுன்னுட்டாங்க. ஊட்டுலயே வெச்சி நல்லாப் பாத்துக்கச் சொன்னாங்க."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கஜபதி சுவரைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்து நின்றார். கண்ணெல்லாம் மஞ்சள். மூச்சு வாங்கியது.

"இன்னாடா தேவா, அண்ணி கத்துனது காதுல விழுந்துச்சு. பயந்துட்டியாமே?"

கஜபதி கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"வசந்தா பொம்பள. அவளே துணிஞ்சி தரேன்னு போனா. பாவம், அவளத்தான் கம்ப்யூட்டர் ஒத்துக்கல. உனக்கு இன்னாடா வந்துச்சு?"

வசந்தகுமாரி நிமிர்ந்து தேவாவைப் பார்த்தாள். சொல்லாதே என்று கெஞ்சக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை.

உண்மை தேவாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால், இருக்கிற கொஞ்ச நாளும் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டி, துடைத்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொள்ளப் போகிறவள் இவள்தான். அந்தக் கையை அண்ணன் சந்தேகத்தோடு பார்த்துவிடக் கூடாது.

தேவா தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாண்ணா. பயந்துட்டேன்."