கண்ணாடிக்குள் ஒரு மலை

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மலை, மலைமேல் ஒரு ரிசார்ட், அதில் தீப்பெட்டி அளவில் ஓர் அறை. மெம்பராகச் சேர்ந்தால் வருஷத்துக்கு ஒரு வாரம் அந்த அறை உங்கள் குடும்பத்துக்குத்தான் என்று ரிசார்ட் கம்பெனி ஆபீஸில் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி கணவனைப் பார்த்தாள். இட்லிக் கடை தவசிமுத்து, கடை மேசையைத் துடைப்பதுபோல அந்தக் கண்ணாடியைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சேந்துருவோமா? பணத்தக் கட்டிட்டா போய்த்தானே ஆகணும். இல்லேன்னா கடை நம்மள எங்க விடுது?” என்று மனைவியிடம் கேட்டார்.

கல்யாணமானதிலிருந்து அவர்கள் கடைக்கு லீவு விட்டதில்லை.

“யோசிச்சுச் சொல்றோம்மா” என்று செண்பகவல்லி எழுந்துகொண்டாள்.

வீடு வந்ததும், அவர் மறுநாள் மாவுக்கு அரிசி ஊறப்போட அண்டாவைக் கழுவிக் கொண்டுவந்தார். அவள் அதை வாங்கித் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

“அப்ப நாளைக்கு இட்லிக்கு?”

“பிள்ளைங்கள ஸ்வெட்டர் எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்.”

தவசிமுத்து அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, தோள்துண்டை எடுத்து, கவிழ்ந்திருந்த அண்டாவை உச்சியிலிருந்து அடிவாரம்வரை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார்.