சுவரைவிட்டு இறங்காத கிருஷ்ணன்

மேசைமேல் மூன்று கிருஷ்ணன்கள் இருந்தார்கள். மூன்று பேரும் குண்டு. மூன்று பேர் கையிலும் வெண்ணெய், காலடியில் பசு, மேலெல்லாம் தங்க ரேக்கு.

"இதுல உங்க ஊர் படம் எது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நன்னிலத்துப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் வந்தவர்கள் மூவர். ஊர்ப் பெரியதனக்காரர் பஞ்சநதம், பஜனை பாடும் சிங்காரவேலு, பஜனை மடத்துச் சாவி வைத்திருக்கும் வைத்தியலிங்கம். மூன்று மணி நேரமாக நிற்கிறார்கள். உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வைத்தியலிங்கத்துக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

ஏழு வருஷத்துக்கு முன் மடத்திலிருந்து படம் காணாமல் போனபோது, 'பழைய சாமி படம் ஒன்று, மதிப்பு ரூபாய் இருநூறு' என்று எழுதிவிட்டுக் கொட்டாவி விட்டார் ஏட்டு. இப்போது கப்பலேற இருந்த பெட்டியில் அகப்பட்டதும், ஒவ்வொன்றும் அரைக் கோடி பெறும் என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். அரைக் கோடி என்றதும் ஆயிரம் கேள்வி.

அடையாளம் காட்டாவிட்டால் மூன்றும் சாயங்காலமே சென்னைக் கிடங்குக்குப் போய்விடும். அங்கே போனது ஊர் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

அடையாளமா இல்லை? இடது கன்னத்தில் விளக்குப் புகை, நெற்றியில் ஊறிப்போன சந்தனம். அவற்றை வைத்துத்தான் ஊர் தன் கிருஷ்ணனை அறியும். யாரோ ஒரு நிபுணர் மூன்று கிருஷ்ணன்களையும் பஞ்சால் துடைத்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தார்.

போட்டோவும் கிடையாது. போட்டோ பிடித்தால் சாமிக்குச் சக்தி குறையும் என்று, கேட்டு வந்த வெள்ளைக்காரரைத் திருப்பி அனுப்பிய ஊர் அது.

சிங்காரவேலு இடப்பக்கத்துப் படம் என்றார். பஞ்சநதம் நடுவில் இருப்பது என்றார். இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தியதும் இருவரும் மாற்றிச் சொன்னார்கள்.

"எப்படிங்க சரியாத் தெரியும்? எங்க பாட்டன் காலத்துலேருந்து அது சுவத்தைவிட்டு இறங்கினதே இல்லைங்க. சுண்ணாம்பு அடிச்சாக்கூட அதைச் சுத்தித்தான் அடிப்போம்" என்றார் பஞ்சநதம், ஏதோ சாட்சி சொல்வதுபோல் பெருமையாக.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

அந்தச் சுண்ணாம்பு படாத சதுரம் இன்னும் மடத்துச் சுவரில் இருக்கிறது. ஏழு வருஷமாக அதற்குத்தான் விளக்கேற்றுகிறாள் வைத்தியலிங்கத்தின் மனைவி அகிலாண்டம். படம் போன மாசம்தான் மகன் மதிவாணன் சிங்கப்பூருக்குப் போனான். படம் போனாலும் பிழைப்பு வந்தது, மகனையாவது பெருமாள் நல்லபடியாக வைத்திருக்கிறார் என்று வெறும் சுவரைக் கும்பிடுவாள்.

இப்போது கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகப்போகிறது. வைத்தியலிங்கத்துக்கு ஏட்டு மேல் கோபம், நிபுணர் மேல் கோபம், ஊர்மேல் கோபம். கோபம் சுற்றிச் சுற்றித் தன்னிடமே வந்து நின்றது.

கான்ஸ்டபிள் படங்களைச் சாக்கில் சுற்றத் தொடங்கினார்.

"புரட்டிப் பாருங்க" என்றார் வைத்தியலிங்கம். "எங்களோடதுல பலகைக்குப் பின்னால, கீழ் மூலையில, செவப்பு மையில தெலுங்கு மாதிரி ரெண்டு வரி எழுதியிருக்கும். பக்கத்துல மரத்துல ஒரு ஓட்டை. மெழுகு வச்சு அடைச்சிருக்கும்."

முதல் படத்தின் பின்னால் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை.

மூன்றாவதில் சிவப்பாக இரண்டு வரி. பக்கத்தில் மெழுகு.

"கோவிந்தா!" என்று சிங்காரவேலு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பஞ்சநதம் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பார்வை படத்தைவிட்டு நகர்ந்து, வைத்தியலிங்கத்தின் மணிக்கட்டில் இருந்த சிங்கப்பூர்க் கடிகாரத்தில் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மறுபடியும் திறந்தார். புதிதாக ஒரு வெள்ளைத்தாள் எடுத்தார். எதிரே இருந்த நாற்காலியைக் காலால் தள்ளி, வைத்தியலிங்கத்தை மட்டும் பார்த்துச் சொன்னார்:

"நீங்க உக்காருங்க."