பெரிய வட்டம்

மறுபடியும் அழித்தாள்.

திரையில் ஒரு மூளை. சாம்பல் நிறம். பெயர் கிடையாது, எண் மட்டும். அந்த எண்ணைக் கொடுத்தவள் அவள்தான்.

தம்பி நித்திலனுடையது.

குரல் கேட்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் ஆய்வு. ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்திருப்பவருக்கு முதலில் யாரோ ஒருவரின் குரல் கேட்கும். பிறகு வீட்டு ஆளின் குரல். நித்திலனுக்கு அவளுடைய குரல்.

காதுக்கு மேலே உள்ள மடிப்பில் ஒரு வட்டம் போட வேண்டும். அதற்குள் இருப்பதை மட்டுமே கணினி கணக்கிடும். வட்டத்தைப் பூட்டிய பிறகுதான் முடிவு திறக்கும். முடிவைப் பார்த்துவிட்டு வட்டம் போடுவது ஏமாற்று.

எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள்.

அன்று ஸ்கேனுக்கு உள்ளே போகும்முன் நித்திலன் கேட்டான்:

"அக்கா, தூங்கிட்டா என் மூளை போட்டுக் குடுத்துருமா?"

வெளியே வந்ததும் கண்ணைக் கசக்கினான்.

"நீ பேசினியா என்ன? ஒண்ணுமே கேக்கல. செம தூக்கம்."

தலையில் தட்டினாள். சிரித்தான். எதைத்தான் அவன் நேராகச் சொல்லியிருக்கிறான்?

அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சித்திரையில் அவன் பைக் மீது லாரி ஏறியது.

அன்று அவள் குரல் அவனை எட்டியதா? இனி சொல்வதற்கு இந்தப் படம் மட்டும்தான் இருக்கிறது.

வட்டம் போட்டாள். சிறியது. அழித்தாள். கொஞ்சம் பெரிதாக. நாற்காலியை முன்னால் இழுத்தாள், பின்னால் தள்ளினாள்.

இன்னும் பெரிதாக.

பக்கத்து மேசை ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். அது யாருடைய மூளை என்று அவளுக்குத் தெரியாது.

"மத்த எல்லாத்துக்கும் பட்டாணி சைஸ்ல போட்டீங்க. இதுக்கு மட்டும் என்னக்கா, ஊத்தப்பம்?"

அவள் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பினாள்.

"இவ்ளோ பெருசுன்னா சராசரியில எல்லாம் கரைஞ்சு போயிடும். இருந்தாலும் தெரியாது, இல்லாட்டியும் தெரியாது."

"அது எனக்குத் தெரியும்."

"நான் போட்டுத் தரட்டா? ஒரு நிமிஷ வேலை."

வேண்டாம் என்று தலையசைத்தாள். வட்டத்தை ஓரத்தில் பிடித்து இன்னும் கொஞ்சம் இழுத்தாள். மடிப்பு முழுவதும் அதற்குள் போனது. அதைத் தாண்டியும் போனது.

பூட்டினாள்.

பூஜ்யத்தை ஒட்டி ஒரு எண் வந்தது.

ஜெசிந்தா உதட்டைப் பிதுக்கினாள். "ஒண்ணுமே இல்லியேக்கா."

"வட்டம்தான் பெருசு," என்றாள் அவசரமாக.